இசட்/விஎம் விருந்தினர்களுக்கு 'மெஷின்' வரி: ஈஎஸ்ஏ, எக்ஸ்சி, இசட் – எதற்கு எது?

புதிய_பொறுப்பாளர்:

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் இசட்/விஎம் 7.2 (ஒரே ஐபிஎம் பெருங்கணினியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது 'விருந்தினர்'களை, இயக்கும் மென்பொருள்) நிர்வாகம் அண்மையில் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. இப்போது இசட்13 கணினியில் ஓடுகிறது. விரைவில் இசட்16க்கு மாறப்போகிறோம். மாறுவதற்கு முன் பயனர் டைரக்டரியை, அதாவது ஒவ்வொரு விருந்தினரையும் வரையறுக்கும் கோப்பை, சீர்படுத்திவிட வேண்டும் என்று வரி வரியாகப் படித்து வருகிறேன். மெஷின் வரியில்தான் குழப்பம்.

லினக்ஸ் விருந்தினர்களில் பலவற்றுக்கு 'மெஷின் ஈஎஸ்ஏ 8' என்றிருக்கிறது. சிலவற்றுக்கு எக்ஸ்ஏ. சிஎம்எஸ் (விஎம்மின் சொந்தச் சிறு இயங்குதளம்) சேவைக் கணினிகளில் பெரும்பாலும் எக்ஸ்சி, சிலவற்றில் அந்த வரியே இல்லை. சோதனைக்கு ஒரு இசட்/ஓஎஸ் இருக்கிறது. ஒரு மூலையில் பழைய விஎஸ்இ/ஈஎஸ்ஏ இயங்குதளம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. இதில் ஏதேனும் ஒழுங்கு இருக்கிறதா, அல்லது அவரவர் அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை நகலெடுத்து வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

உடனடிச் சிக்கல் ஒன்று: சிஎம்எஸ் பயனர் பதிவு ஒன்றை நகலெடுத்து முன்பு யாரோ உருவாக்கிய லினக்ஸ் விருந்தினரில் எக்ஸ்சி என்றிருக்கிறது. அது பூட் ஆகத் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது. முடக்கப்பட்ட காத்திருப்பு நிலை என்று 450 எண்ணுள்ள சிபி (விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல்) செய்தி வருகிறது. மெஷின் வரிதான் காரணமா? எல்லாவற்றையும் ஈஎஸ்ஏ என்று மாற்றிவிடலாமா? இசட் என்று மாற்றினால் வேகம் கூடுமா?

சிபிநேசன்:

450க்குக் காரணம் நீங்கள் சந்தேகித்ததேதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தாமாகவே தீரும்.

மெஷின் வரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அல்ல. விருந்தினர் எந்தக் கட்டமைப்பில் கண் விழிக்கிறது, பிறகு எந்தக் கட்டமைப்புக்கு மாற அதற்கு அனுமதி உண்டு என்பதை மட்டுமே அது சொல்கிறது.

ஈஎஸ்ஏ என்று எழுதினால் விருந்தினர் பழைய 31 பிட் கட்டமைப்பான ஈஎஸ்ஏ/390 கணினியாக எழுகிறது. அதில் ஏற்றப்படும் இயங்குதளம் விரும்பினால் சிக்னல் புராசஸர் கட்டளையின் மூலம் இசட் கட்டமைப்புக்கு, அதாவது 64 பிட்டுக்கு, மாறிக்கொள்ளலாம். லினக்ஸ், இசட்/ஓஎஸ், விருந்தினராக ஓடும் இன்னொரு இசட்/விஎம் ஆகிய மூன்றுக்கும் இந்த வழி பொருந்தும். எக்ஸ்ஏ என்பது பழைய டைரக்டரிகளுக்காக விட்டுவைத்திருக்கும் பெயர். செயலில் ஈஎஸ்ஏவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே எக்ஸ்ஏ வரிகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கை பட்டபோது ஈஎஸ்ஏ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சி முற்றிலும் வேறு. அப்படி ஒரு உண்மையான வன்பொருள் எங்கும் கிடையாது. இது விஎம் தானே உருவாக்கித் தரும் கட்டமைப்பு. சிஎம்எஸ் நிரல்கள் அணுகல் பதிவேடுகள் வழியாகப் பல தரவு வெளிகளை (தரவு மட்டும் இருக்கும் தனி நினைவகப் பகுதிகளை) ஒரே நேரத்தில் எட்டுவதற்காகவே இது வந்தது. பகிர்வுக் கோப்பு முறைமையின் டைரக்டரிகளைத் தரவு வெளியில் வைத்து, பல பயனர்கள் ஒரே பிரதியைப் படிப்பது இதனால்தான் முடிகிறது. இந்த வசதிக்கு ஈடாக, எக்ஸ்சி விருந்தினர் தனக்கென்று முகவரி மாற்ற அட்டவணைகளை (மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக்குபவை) வைத்து இயக்க முடியாது. சிஎம்எஸ்ஸுக்கு அது தேவையே இல்லை. லினக்ஸோ அது இல்லாமல் ஒரு அடி நகராது. அதனால்தான் உங்கள் விருந்தினர் வாசலிலேயே நிற்கிறது.

எல்லாவற்றையும் ஈஎஸ்ஏ ஆக்க வேண்டாம். சேவைக் கணினிகள் தரவு வெளிகளைப் பயன்படுத்துகின்றனவா என்று பார்க்காமல் எக்ஸ்சியை எடுத்தால், எடுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நெரிசல் நேரத்தில் நினைவகப் பயன்பாடு ஏறும்போது காரணம் புரியாமல் தேட வேண்டியிருக்கும்.

வரியே இல்லாத பதிவுகளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். முன்னிருப்பை நம்பி விட்டால் அடுத்து வருபவருக்கு அது தெரிந்து விடப்பட்டதா, மறந்து விடப்பட்டதா என்று தெரியாது.

அடைவுக்காவல்:

சிபிநேசன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் லினக்ஸுக்கு இன்னும் ஈஎஸ்ஏ எதற்கு? 31 பிட் கெர்னலை லினக்ஸ் 2015இல் 4.1 பதிப்போடு கைவிட்டுவிட்டது. ரெட் ஹேட் லினக்ஸ் 9 இசட்14க்குக் கீழே ஏறுவதே இல்லை. 64 பிட் தவிர வேறொன்றும் அறியாத இயங்குதளத்தை எதற்காக 390இல் எழுப்பி, பிறகு மாறச் சொல்ல வேண்டும்? இசட் என்று எழுதினால் நேராக அங்கேயே எழும். புதிய பதிவுகளுக்கு நான் இசட் மட்டுமே எழுதுகிறேன். உள்நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. வேகமும் சற்றுக் கூடுவதாகவே எனக்குப் படுகிறது.

சிபிநேசன்:

உள்நோக்கம் தெளிவாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகம் கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லினக்ஸ் கெர்னல் பூட்டின் முதல் சில கட்டளைகளுக்குள்ளேயே 64 பிட்டுக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு விருந்தினர்களையும் வன்பொருள் ஒரே விதமாகத்தான் இயக்குகிறது. சிபி அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வேறுபாடு தெரிந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேடுங்கள். மெஷின் வரிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டால் உண்மையான காரணம் கண்ணில் படாமலே போய்விடும்.

இசட் என்று எழுதுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல இடங்களில் லினக்ஸ் விருந்தினர் முதலில் சிஎம்எஸ்ஸை ஏற்றி, அதன் புரொஃபைல் எக்ஸெக்கில் (தொடக்கத்தில் தானே ஓடும் நிரலில்) சில வேலைகளைச் செய்துவிட்டு, பிறகு லினக்ஸ் வட்டை ஐபிஎல் (பூட்) செய்கிறது. சாதாரண சிஎம்எஸ் இசட் கணினியில் எழாது. அதற்கு இசட் கட்டமைப்புக்கான இசட்சிஎம்எஸ் வேண்டும். டைரக்டரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டு, மறுதொடக்கத்தின்போது எல்லா விருந்தினர்களும் சேர்ந்து எழாமல் கிடக்கும் நிலை எந்த நிர்வாகிக்கும் வர வேண்டாம்.

புதிய_பொறுப்பாளர்:

எங்களிடமும் அதே முறைதான் இருக்கிறது. லாகான் ஆனதும் சிஎம்எஸ், அதில் புரொஃபைல் எக்ஸெக், அது மெய்நிகர் வட்டில் ஸ்வாப் உருவாக்குகிறது, கடைசியில் ஐபிஎல். அந்த எக்ஸ்சி லினக்ஸுக்கு டைரக்டரியைத் தொட அனுமதி கிடைக்க நாளாகும். அதுவரை புரொஃபைல் எக்ஸெக்கின் தலைப்பிலேயே 'செட் மெஷின் ஈஎஸ்ஏ' என்று ஒரு வரி சேர்த்தால் போதாதா?

இரவுமுறை:

போதாது. செட் மெஷின் கட்டளை மெய்நிகர் கணினியை மீட்டமைத்துவிடும். அந்த வரியை ஓட்டிக்கொண்டிருக்கும் சிஎம்எஸ்ஸே அந்த நொடியில் இல்லாமல் போகும். அதற்குக் கீழே இருக்கும் வரிகளை யார் ஓட்டுவது? 'டிஃபைன் ஸ்டோரேஜ்' கட்டளையும் இப்படித்தான். இவ்விரண்டும் ஐபிஎல்லுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

அனுமதி கிடைக்கும்வரை கையால் செய்யலாம். லாகான் செய்து, சிபி நிலையில் செட் மெஷின் கொடுத்து, லினக்ஸ் வட்டின் எண்ணைச் சொல்லி ஐபிஎல் செய்யுங்கள். ஸ்வாப் இருக்காது, ஆனால் எழும்.

அனுமதி கிடைத்த பிறகு, சிஎம்எஸ் படியே தேவையா என்றும் யோசித்துப் பாருங்கள். டைரக்டரியில் 'கமாண்ட்' வரிகள் உண்டு. லாகானின்போது ஐபிஎல்லுக்கு முன் சிபி அவற்றை ஓட்டும். செயலி சேர்ப்பது போன்ற பல வேலைகளை அங்கேயே வைத்துவிடலாம். மெய்நிகர் வட்டையும் எம்டிஸ்க் வரியில் வி-டிஸ்க் என்று எழுதி வரையறுக்கலாம். 524288 தொகுதிகள் என்றால், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் 256 எம்பி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மெய்நிகர் வட்டு லாகாஃப் ஆனால் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்வாப் வடிவத்தைப் புதிதாக எழுத வேண்டும். இதுவரை சிஎம்எஸ் செய்ததை இனி லினக்ஸின் பூட் நிரல் செய்ய வேண்டும். அந்தப் படியை எடுத்துவிட்டால், அடைவுக்காவல் விரும்புகிற 'மெஷின் இசட்' எழுதுவதற்கும் தடை இருக்காது.

ஓய்வுபெற்ற_நிரலர்:

அந்த விஎஸ்இ/ஈஎஸ்ஏ பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் இடமாற்றத்தில் உண்மையில் நிற்கப்போவது அதுதான், தம்பி.

இசட்13 தான் ஈஎஸ்ஏ/390 முறையில் ஒரு இயங்குதளத்தை இயக்க இடம் தந்த கடைசித் தலைமுறை. இசட்14 முதல் இயங்குதளம் எதுவானாலும் இசட் கட்டமைப்பில்தான் ஓட வேண்டும். நேராக வன்பொருளில் ஓடினாலும் சரி, விஎம்மின் மேல் ஓடினாலும் சரி, இதே விதிதான். 'விஎம் இருக்கிறதே, பழையதை அது போலச் செய்து காட்டும்' என்று நம்பி இருந்துவிடாதீர்கள். விஎம் கட்டளைகளைப் பாவனை செய்யும் மென்பொருள் அல்ல. வன்பொருளே விருந்தினரை இயக்குகிறது. வன்பொருள் கைவிட்ட ஒன்றை விஎம் தன் பையிலிருந்து எடுத்துத் தர முடியாது.

அப்படியானால் சிஎம்எஸ் எப்படி இசட்16இல் ஓடுகிறது என்று கேட்கலாம். அதற்கென்றே ஈஎஸ்ஏ/390 இசைவு முறை ஒன்றை வன்பொருளில் விட்டுவைத்திருக்கிறார்கள். முகவரி மாற்றம் செய்யாத விருந்தினர்களுக்கு மட்டுமே அது உதவும். சிஎம்எஸ் அதில் அடங்கிவிடும். தன் பக்க அட்டவணைகளைத் தானே நடத்தும் விஎஸ்இ/ஈஎஸ்ஏ அதில் அடங்காது.

வழி என்ன என்றால், அதை இசட் கட்டமைப்பில் ஓடும் இசட்/விஎஸ்இக்கு நகர்த்துவதுதான். 2007இல் வந்த 4.1 முதல் அது இசட் கட்டமைப்பில்தான் ஓடுகிறது. இசட்16க்குப் பொருந்தும் பதிப்பு எது என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆறுதலான செய்தி, மேலே ஓடும் 24 பிட், 31 பிட் பயன்பாட்டு நிரல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மாற வேண்டியது இயங்குதளம் மட்டுமே. இதை இடமாற்றத்துக்கு முன்பே, இசட்13 கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பிறகு கிடைக்காது.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1972இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370 காலத்திலும் டைரக்டரியில் 'ஆப்ஷன் ஈசிமோட்' என்று எழுத வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் விருந்தினருக்குக் கிடைப்பது அடிப்படைக் கட்டுப்பாட்டு முறை மட்டும். சிஎம்எஸ் மகிழ்ச்சியாக ஓடும். மெய்நிகர் நினைவகம் கேட்கும் இயங்குதளம் எழாது. இன்றைக்கு எக்ஸ்சியில் நிற்கும் லினக்ஸுக்கும் அன்றைக்கு ஈசிமோட் இல்லாமல் நின்ற எம்விஎஸ்ஸுக்கும் (இசட்/ஓஎஸ்ஸின் மூதாதை) நோய் ஒன்றே.

மூன்றாம்தளம்:

ஐயா, இடையில் ஒரு கேள்வி. வீட்டுக் கணினியில் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் விஎம்/370 ஓட்டிப் பழகுகிறேன். அதில் கட்டமைப்பு முறையை இசட் என்று வைத்துவிட்டு விஎம்/370ஐ ஏற்ற முடியுமா?

ஓய்வுபெற்ற_நிரலர்:

முடியாது. விஎம்/370 எஸ்/370 கட்டமைப்புக்காகவே எழுதப்பட்டது: 24 பிட் முகவரி, 16 எம்பி எல்லை. ஹெர்குலிஸில் எஸ்/370 என்று வைத்து ஏற்றுங்கள். அதன் டைரக்டரியில் ஈசிமோட் இல்லாத பயனர் ஒன்றிலும் உள்ள பயனர் ஒன்றிலும் எம்விஎஸ் ஏற்றிப் பாருங்கள். இந்த இழையில் நாங்கள் பேசுவதெல்லாம் கண்ணெதிரே தெரியும்.

இரவுமுறை:

புதிய_பொறுப்பாளர் 'மெஷின் ஈஎஸ்ஏ 8' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த 8 பற்றியும் பேச வேண்டும். அது உச்சவரம்பு மட்டுமே. எட்டு செயலிகளைத் தந்துவிடாது. உண்மையில் எத்தனை என்பதை சிபியு வரிகளோ டிஃபைன் சிபியு கட்டளையோதான் தீர்மானிக்கும். 64 வரை எழுதலாம் என்பதற்காக எழுதிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வரையறுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

அதனால் வரும் தீங்கைச் சொல்கிறேன். ஒப்பீட்டுப் பங்கு (செயலி நேரத்தில் விருந்தினருக்குள்ள முன்னுரிமை எண்) 100 என்றால் அது விருந்தினர் முழுவதற்குமான 100. நான்கு மெய்நிகர் செயலிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 25. எட்டு ஆக்கினால் பன்னிரண்டரை. ஒற்றை இழையில் ஓடும் தரவுத்தளப் பணி ஒன்று மற்ற ஏழு செயலிகளும் சும்மா இருக்கும்போது இந்தச் சிறிய பங்கோடு வரிசையில் நிற்கும். 'செயலிகளைக் கூட்டினோம், மெதுவாகிவிட்டது' என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இதைத்தான் பார்க்கிறேன். அடைவுக்காவல் தன் விருந்தினர்களின் வேகத்தை ஒப்பிடும்போது முதலில் இதைப் பார்க்கலாம்.

அடைவுக்காவல்:

பார்த்தேன். புதிய பதிவுகளில் செயலிகள் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். வேறுபாட்டுக்கு அது காரணமாக இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் இசட் என்று எழுதுவதை விட மாட்டேன். டைரக்டரியைப் படிப்பவருக்கு இந்த விருந்தினர் 64 பிட் மட்டுமே என்று ஒரே சொல்லில் தெரிய வேண்டும்.

சிபிநேசன்:

அந்தக் காரணத்துக்காக எழுதினால் எனக்கு மறுப்பில்லை.

இடமாற்றத்துக்கு இன்னொன்று இருக்கிறது. கட்டமைப்பு என்று பேசினால் இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். புதிய_பொறுப்பாளர், இசட்13ஐயும் இசட்16ஐயும் ஒரே எஸ்எஸ்ஐ கூட்டத்தில் (பல இசட்/விஎம்கள் ஒன்றாக இயங்கும் தொகுப்பில்) சேர்த்து லினக்ஸ் விருந்தினர்களை ஓடும் நிலையிலேயே நகர்த்தப் போகிறீர்களா?

புதிய_பொறுப்பாளர்:

ஆம். ஒருவரையும் நிறுத்தக் கூடாது என்பது மேலிடத்தின் நிபந்தனை.

சிபிநேசன்:

அப்படியானால் இடமாற்ற வட்டாரம், அதாவது ரிலோடொமைன், என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஓடும் விருந்தினரை நகர்த்தும் வசதி இசட்/விஎம் 6.2இல் வந்தபோதே இதுவும் வந்தது. நகரும் விருந்தினர் போகும் இடத்தில் இல்லாத கட்டளைகளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காக, வட்டாரத்தில் உள்ள எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான வசதிகளை மட்டுமே சிபி அதற்குக் காட்டுகிறது. விருந்தினர் வன்பொருளின் வசதிப் பட்டியலைக் கேட்டால் அந்தக் குறைக்கப்பட்ட பட்டியலே கிடைக்கும். இதற்கு மெய்நிகர் கட்டமைப்பு நிலை என்று பெயர்.

டைரக்டரியில் 'யூசர்' என்று தொடங்கும் விருந்தினர்கள், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், கூட்டம் முழுவதையும் அடக்கிய வட்டாரத்தில் இருப்பார்கள். 'ஐடென்டிட்டி' என்று தொடங்குபவை அந்தந்த உறுப்பினரின் தனி வட்டாரத்தில். அவை நகர்வதும் இல்லை.

ஆகவே உங்கள் லினக்ஸ்கள் இசட்16க்கு நகர்ந்த பிறகும் இசட்13 நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். /புராக்/சிஸ்இன்ஃபோவைத் திறந்தால் கணினி வகை 3931 என்று இசட்16இன் எண்ணே தெரியும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் /புராக்/சிபியுஇன்ஃபோவின் வசதி வரியில் 'டிஎஃப்எல்டி' இருக்காது. 2019இல் இசட்15 முதல் சில்லுக்குள்ளேயே வந்த சுருக்கும் வசதி அது. அதைப் பயன்படுத்தும்படி தொகுக்கப்பட்ட ஜிஸிப்பும் இசட்லிப்பும் அந்த வசதியைக் காணாமல், பழையபடி செயலியைத் தின்று மென்பொருளிலேயே சுருக்கிக்கொண்டிருக்கும். புதிய கணினிக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி இப்படி யாருக்கும் தெரியாமல் வீணாகிறது. மெஷின் வரியில் ஈஎஸ்ஏவா இசட்டா என்று எவ்வளவு வாதிட்டாலும் இந்த இழப்பு தெரியாது.

இசட்13ஐக் கூட்டத்திலிருந்து விலக்குங்கள். அல்லது இசட்16 உறுப்பினர்கள் மட்டும் உள்ள வட்டாரத்தை வரையறுத்து, டைரக்டரியில் விஎம்ரிலோகேட் வரியில் அதன் பெயரை எழுதுங்கள். அதன் பிறகு விருந்தினரை ஒரு முறையாவது லாகாஃப் செய்து எழுப்ப வேண்டும். லினக்ஸ் தன் வசதிப் பட்டியலை பூட்டின்போதுதான் படிக்கிறது. மேலிடத்தின் நிபந்தனை நகர்த்தும் நாளுக்கு மட்டும் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பராமரிப்பு நேரத்தில் மறுதொடக்கம் உண்டு என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. கூட்டத்தில் இசட்13 இருக்கும்வரை, இசட்14ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கும் ரெட் ஹேட் 9ஐப் பொது வட்டாரத்தில் நிறுவ முயன்றால், அடியில் இருப்பது இசட்16 ஆனாலும் அது எழ மறுக்கும்.

மூன்றாம்தளம்:

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரே எல்பாரில் (கணினியின் தருக்கப் பிரிவில்) பொதுச் செயலிகளும் ஐஎஃப்எல்களும் (லினக்ஸுக்கான சிறப்புச் செயலிகளும்) கலந்திருக்கின்றன. அங்கே லினக்ஸ் விருந்தினருக்குக் கூடுதலாக ஏதேனும் எழுத வேண்டுமா?

இரவுமுறை:

வேண்டும். கலந்த எல்பாரில் நீங்கள் சொல்லாவிட்டால் விருந்தினரின் மெய்நிகர் செயலிகள் பொதுச் செயலி வகையாக இருக்கும். பொதுச் செயலியிலேயே ஓடும். உரிமக் கட்டணம் அந்தச் செயலிகளின் திறனை வைத்துக் கணக்கிடப்படும் மென்பொருள் இருந்தால், லினக்ஸின் சுமை அந்தக் கணக்கை ஏற்றிவிடும். கமாண்ட் வரியில் 'செட் விகான்ஃபிக் மோட் லினக்ஸ்' என்று எழுதி, செயலிகளை ஐஎஃப்எல் வகையாக வரையறுங்கள். இதுவும் கணினியை மீட்டமைக்கும் கட்டளை. ஐபிஎல்லுக்கு முன்பே வர வேண்டும்.

புதிய_பொறுப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்சி லினக்ஸைக் கையால் ஈஎஸ்ஏ ஆக்கினேன், எழுந்துவிட்டது. விஎஸ்இ பற்றி அதன் பயன்பாட்டுக் குழுவோடு பேசத் தொடங்கிவிட்டேன். வட்டாரப் பெயரை இடமாற்றத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மீதி. எக்ஸ்சியில் இருக்கும் சேவைக் கணினி ஒன்றில் 64 பிட் நினைவகம் கேட்கும் நிரல் வரப்போகிறது. தரவு வெளிகளையும் அது விடாது. என்ன செய்வது? அடுத்தது, லினக்ஸ் விருந்தினர்கள் எல்லோரும் டைரக்டரியில் உள்ள ஒரே புரொஃபைலை, அதாவது பொது வரிகளின் தொகுப்பை, சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் ஈஎஸ்ஏ என்று சரியாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு விருந்தினருக்கு இண்டிகேட் யூசர் கட்டளை எக்ஸ்சி என்று காட்டுகிறதே?

சிபிநேசன்:

முதலாவதற்கு, முன்பு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. இசட்சிஎம்எஸ் என்றால் 64 பிட் கிடைக்கும், தரவு வெளி இல்லை. சாதாரண சிஎம்எஸ் என்றால் தரவு வெளி உண்டு, 31 பிட்டோடு நிற்கும். பிறகு வந்த இசட்/எக்ஸ்சி இரண்டையும் சேர்த்துத் தருகிறது. அதற்கு இசட்14 அல்லது அதற்குப் பிந்தைய கணினி வேண்டும். உங்கள் இசட்13இல் கிடைக்காது. நிரலாளர்களிடம் இடமாற்றம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் பயனர் பதிவுக்குள்ளேயே தனியாக ஒரு மெஷின் வரி இருக்கும். புரொஃபைலில் உள்ளதைப் பதிவில் உள்ள வரி வென்றுவிடும். அதை நீக்கிவிட்டு, மாற்றிய டைரக்டரியை நடைமுறைக்குக் கொண்டுவர டைரக்ட்எக்ஸ்ஏ ஓட்டுங்கள். லாகான் ஆகி இருக்கும் விருந்தினருக்கு மாற்றம் உடனே தெரியாது. லாகாஃப் செய்து மீண்டும் லாகான் ஆன பிறகு இண்டிகேட் யூசரைக் கேளுங்கள்.